எக்செல் 2003-ல் அணை மட்ட வரைபடம்: நிறம் மாற்றிய அனுபவமும் புதுப் பதிப்பு பற்றிய யோசனையும்

திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் எங்கள் விவசாயிகள் சங்கத்தில் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு மூன்று அணைகளின் நீர்மட்டத்தையும் தினமும் எக்செல் 2003-ல் ஏற்றி வைக்கிறோம். மாதக் கடைசியில் அதைக் கோட்டு வரைபடமாக எடுத்து, ஒன்றைச் சங்கக் கட்டடத்தில் ஒட்டிவிட்டு, மீதியை ஜெராக்ஸ் போட்டு ஊர் ஊராகக் கொடுப்போம். கன்னடியன் கால்வாயை நம்பிப் பயிர் வைக்கிறவர்களுக்கு அந்தத் தாள் முக்கியம். ஜூன் முதல் தேதியை ஒட்டி கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பார்களா, அடுத்த போகமான பிசானத்துக்கு நாற்றுப் பாவும்போது அணையில் எவ்வளவு கையிருப்பு இருக்கும் என்று எல்லாரும் பார்ப்பது அதைத்தான்.

எக்செல் 2003-ல் கோட்டு வரைபடம் போட்டால், நாம் எதையும் தொடாதவரை முதல் கோடு கருநீலம், இரண்டாவது பளீரென்ற மெஜந்தா, மூன்றாவது மஞ்சள், நான்காவது வெளிர் நீலப்பச்சை. பின்னணி சாம்பல். எங்கள் எக்செல் தாளில் மூன்றாவது பத்தி (நெடுவரிசை) மணிமுத்தாறு, ஆகவே மஞ்சள் அதன் தலையில் விழுந்தது. திரையில் பார்த்தால் சமாளித்துவிடலாம். கறுப்பு வெள்ளை பிரிண்டரில் எடுத்து, அதை ஜெராக்ஸ் போட்டதும் கோடு காணாமல் போய்விடும். “தம்பி, மணிமுத்தாறு எங்க? சுத்தமா வத்திருச்சா?” என்று ஒரு பெரியவர் தாளைக் கண்ணருகில் வைத்துக்கொண்டு கேட்டார். அணையில் தண்ணீர் இருந்தது. தாளில்தான் கோடு இல்லை.

ஏன் மறைகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கணினி ஒவ்வொரு நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 0 முதல் 255 வரையிலான மூன்று எண்களால் குறிக்கும். ஒரு நிறத்தின் சிவப்பு எண்ணை 0.299-ஆலும், பச்சையை 0.587-ஆலும், நீலத்தை 0.114-ஆலும் பெருக்கிக் கூட்டினால், அந்த நிறம் கறுப்பு வெள்ளையில் எவ்வளவு வெளுப்பாகத் தெரியும் என்பதற்கு ஓரளவு நம்பகமான எண் கிடைக்கும். 0 என்றால் கன்னங்கரேல், 255 என்றால் வெள்ளை. கருநீலம் 0, 0, 128. அது 15 வருகிறது. மெஜந்தா 255, 0, 255. அது 105. மஞ்சள் 255, 255, 0 என்பதால் 226. நீலப்பச்சை 179. பின்னணிச் சாம்பலோ 192. சாம்பல் மேல் மஞ்சளுக்கு 34 புள்ளிதான் இடைவெளி, அதுவும் வெளுப்பான பக்கம். நீலப்பச்சைக்கு 13-தான். கடை மெஷின் கொஞ்சம் வெளிறிப்போன டோனரில் ஓடினால் 200-க்கு மேல் உள்ளதெல்லாம் பெரும்பாலும் வெள்ளைத் தாளோடு சேர்ந்துவிடும். இந்தக் கணக்கை அதே எக்செல்லில் நான்கு பத்தியில் போட்டு வைத்துக்கொண்டேன். மூன்று பத்தியில் சிவப்பு, பச்சை, நீலம், நாலாவதில் சூத்திரம். அப்புறம் நிறம் தேர்ந்தெடுப்பது எல்லாம் அந்தத் தாளைப் பார்த்துத்தான்.

ஒவ்வொரு கோடாகப் பூச வேண்டியதில்லை

எல்லாரும் முதலில் செய்வது, கோட்டை இரட்டைக் கிளிக் செய்து, பேட்டர்ன்ஸ் என்ற தாவலில் வேறு நிறத்தைத் தேர்ந்தெடுப்பது. ஒரு படத்துக்கு அது போதும். ஒரு வருஷக் கோப்பில் மாதாமாதம் ஒரு படம், அதுபோல இத்தனை வருஷக் கோப்புகள் என்றால் அது ஆகாத வேலை. அடுத்த மாதம் புதிதாக வரைகிற படமும் திரும்ப மஞ்சளோடுதான் வரும்.

எக்செல் 97 முதல் 2003 வரை நிறங்கள் வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் வேலை சுலபம். ஒரு வொர்க்புக்குக்கு, அதாவது ஓர் எக்செல் கோப்புக்கு, மொத்தம் 56 நிறங்கள்தான். அந்த 56-ம் எண் போட்ட பெட்டிகள். செல்லோ கோடோ “எனக்கு இந்த நிறம்” என்று வைத்துக்கொள்வதில்லை, “எனக்கு 27-ஆம் பெட்டி” என்றுதான் வைத்துக்கொள்ளும். பெட்டிக்குள் இருக்கிற நிறத்தை மாற்றினால் அந்த எண்ணைச் சொன்ன எல்லாமே ஒரே நேரத்தில் மாறும். இதில் 17 முதல் 24 வரை பட்டை, வட்ட வரைபடங்களின் உள்நிறத்துக்கு. 25 முதல் 32 வரை கோடுகளுக்கு. மஞ்சள் உட்கார்ந்திருப்பது 27-ல்.

டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் கலர் தாவல். மேலே வழக்கமான 40 நிறங்கள். கீழே தனியாக இரண்டு வரிசை இருக்கும்: சார்ட் ஃபில்ஸ், சார்ட் லைன்ஸ். சார்ட் லைன்ஸ் வரிசையில் இடமிருந்து மூன்றாவது பெட்டியை அழுத்தி, மாடிஃபை பொத்தானைத் தட்டி, கஸ்டம் தாவலுக்குப் போனால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் எண் அடிக்க இடம் இருக்கும். அங்கே 230, 159, 0 என்று அடித்து ஓகே கொடுத்தேன். அந்தக் கோப்பில் இருந்த எல்லா மாதப் படங்களிலும் மணிமுத்தாறு ஒரே சொடுக்கில் ஆரஞ்சுக்கு வந்துவிட்டது. பல வருஷமாக ஒவ்வொன்றாகத் திறந்து பூசிக்கொண்டிருந்த வேலை இது. கண்ணெதிரே எல்லாம் சேர்ந்து மாறுவதைப் பார்க்க உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

மாறாமல் நின்றவை சில. அவை முன்பே கையால் நிறம் பூசப்பட்ட கோடுகள். மேலே உள்ள 40 நிறங்களில் ஒன்றைச் சுட்டிக்கொண்டிருந்தன. அவற்றை இரட்டைக் கிளிக் செய்து ஆட்டோமேட்டிக் என்று திருப்பிவிட்டால் மறுபடியும் வரிசைக்குள் வந்துவிடும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. லைன் என்ற பகுதியில் மேலே இருக்கிற ஆட்டோமேட்டிக்கைத் தேர்ந்தெடுத்தால் கோட்டின் தடிமனும் வகையும் கூடப் பழையபடி ஆகிவிடும். அதனால் கஸ்டம் என்றே வைத்துக்கொண்டு, கலர் பட்டியலை மட்டும் இறக்கி அதற்குள் இருக்கும் ஆட்டோமேட்டிக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது விட்டு விட்டு வரும் கோடும் நம்முடையது, தடிமனும் நம்முடையது, நிறம் மட்டும் பெட்டியிலிருந்து வரும்.

மேல் 40 நிறங்களைத் தொடாமல் கீழ் 16-ஐ மட்டும் மாற்றுவதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. டூல்பாரில் செல்லுக்கு நிறம் பூசும்போது இறங்குகிற பட்டியலில் அந்த 40-தான் காட்டப்படும். ஆகவே மற்றவர்கள் தாளில் பூசி வைத்திருக்கிற மஞ்சள், பச்சை எதுவும் கெடாது.

எந்த நிறத்தை யாருக்குக் கொடுப்பது

பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. பாபநாசமும் சேர்வலாறும் சுரங்கப்பாதையால் இணைக்கப்பட்டவை. அதனால் ஒன்றில் ஏறினால் மற்றதிலும் ஏறும். வரைபடத்தில் இரண்டு கோடும் பெரும்பாலும் அருகருகே இணையாகவே ஓடும். மணிமுத்தாறு தன்போக்கில் கீழே இருக்கும். வடகிழக்குப் பருவமழையில்தான் அது எழுந்திருக்கும். ஆகவே நிறத்தில் அதிக வித்தியாசம் வேண்டியது முதல் இரண்டுக்கும் இடையில்தான்.

சங்கத்தில் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. இந்தக் குறைபாடு ஆண்களிடம்தான் அதிகம், காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால். ஜப்பானைச் சேர்ந்த மசடாக்கா ஒகாபே, கெய் இட்டோ இருவரும் இப்படிப்பட்டவர்களுக்கும் தெரிகிற மாதிரி எட்டு நிறங்கள் கொண்ட தொகுப்பு ஒன்றை வகுத்திருக்கிறார்கள். கறுப்பு, ஆரஞ்சு, வான நீலம், நீலம் கலந்த பச்சை, மஞ்சள், நீலம், செம்மண் சாயல் கொண்ட சிவப்பு, ரோஜா கலந்த ஊதா. நான் அதிலிருந்துதான் தொடங்கினேன். ஆனால் அதை அப்படியே எடுத்தால் ஜெராக்ஸ் பிரச்சினை தீராது. அந்த நீலம் 0, 114, 178. என் கணக்கில் 87. பச்சை 0, 158, 115, அது 106. சிவப்பு 213, 94, 0, அது 119. கண்ணுக்கு மூன்றும் தனித்தனி. கறுப்பு வெள்ளையில் மூன்றும் பக்கத்துப் பக்கத்துச் சாம்பல்.

அதனால் நீலத்தைக் கருக்க வைத்தேன்: 0, 60, 120. அது 49-க்கு இறங்கியது. அது பாபநாசத்துக்கு. ஆரஞ்சு 162. செம்மண் சிவப்பு 119. நியாயப்படி பாபநாசத்தின் அருகே ஓடும் சேர்வலாற்றுக்குத்தான் ஆரஞ்சைக் கொடுத்திருக்க வேண்டும் என்று தோன்றும். போட்டுப் பார்த்தேன். அச்சில் ஆரஞ்சு கொஞ்சம் மெலிந்து தெரிந்தது. மெலிந்த கோடு தனியாக ஓடினால் கண் பிடித்துக்கொள்ளும். தடித்த கருநீலத்துக்கு அருகில் ஓடினால் அதன் நிழல் மாதிரி ஆகிவிடுகிறது. ஆகவே சேர்வலாற்றுக்குச் சிவப்பு, அதோடு விட்டு விட்டு வரும் கோடு. மணிமுத்தாற்றுக்கு ஆரஞ்சு, ஆனால் எக்செல் 2003 தருகிற நான்கு தடிமன்களில் மிகத் தடித்தது. நாலாவதாகப் போன வருஷத்துப் பாபநாச மட்டத்தைப் போடுகிறோம், ஒப்பிட்டுப் பார்க்க. அது கறுப்பில் மெல்லிய புள்ளிக்கோடு.

சாம்பல் பின்னணியை எடுத்துவிட்டேன். கோடுகள் ஓடும் பரப்பான பிளாட் ஏரியாவை இரட்டைக் கிளிக் செய்து ஏரியாவில் நன் என்று கொடுத்தால் போதும். வெள்ளையில் 162 தாராளமாகத் தெரிகிறது. ஒவ்வொரு அளவுக்கும் கோட்டின் மேல் விழும் குறியான மார்க்கரையும் எடுத்தேன். தினசரி அளவுக்கு மார்க்கர் போட்டால் ஒரு வருஷக் கோடு கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி ஆகிவிடும்.

நிறத்தைவிட அதிகம் உதவியது வேறொன்று. கோட்டை ஒருமுறை கிளிக் செய்து, அதன் கடைசிப் புள்ளியை இன்னொருமுறை கிளிக் செய்தால் அந்தப் புள்ளி மட்டும் பிடிபடும். அதற்கு டேட்டா லேபிள்ஸ் தாவலில் சீரிஸ் நேம் என்ற கட்டத்தை டிக் செய்தால் கோட்டின் முனையிலேயே அணையின் பெயர் வந்துவிடும். எந்த நிறம் எந்த அணை என்று பெட்டிக்குள் தனியாகப் போடும் லெஜெண்டை அழித்துவிடலாம். நிறம் தெரியாதவருக்கும் இது படிக்க வரும். ஒரு சங்கடம்: அடுத்த மாத அளவுகளைச் சேர்த்ததும் பெயர் பழைய புள்ளியிலேயே நிற்கும், கோடு தாண்டிப் போய்விடும். மாதாமாதம் அதை மட்டும் புதுப்புள்ளிக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. நான் அதைச் செய்துகொண்டுதான் வருகிறேன். அந்தச் சிரமம் தகும்.

அடுத்த கோப்புக்கும் அதே நிறம்

பெட்டி நிறங்கள் அந்தந்த வொர்க்புக்குக்குள்தான் சேமிக்கப்படும். 2003-ல் நிறம் பற்றிக் குழப்பம் வருகிற இடம் முக்கால்வாசி இதுதான். ஒரு வருஷக் கோப்பில் இருந்து சார்ட் தாளை இன்னொரு வருஷக் கோப்புக்கு நகர்த்தினால், பெட்டி எண் மட்டும் கூடப் போகும், நிறம் போகாது. அங்கே 27-ல் மஞ்சள் இருந்தால் கோடு மறுபடி மஞ்சளாகும்.

இரண்டு கோப்பையும் திறந்து வைத்துக்கொண்டு, மாற வேண்டிய கோப்பில் அதே கலர் தாவலுக்குப் போனால் காப்பி கலர்ஸ் ஃப்ரம் என்று ஓர் இறங்கு பட்டியல் இருக்கும். அதில் நல்ல நிறமுள்ள கோப்பின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் 56-ம் சேர்ந்து வந்துவிடும். பழைய கோப்புகளுக்கு இதைத்தான் செய்தேன். கோப்புகள் நிறைய என்றால் சின்ன மேக்ரோ (எக்செல் தானே செய்யும்படி எழுதும் நிரல்) எழுதிக்கொள்ளலாம். வொர்க்புக்கின் கலர்ஸ் பண்புக்கு 25, 26, 27 என்று எண் கொடுத்து ஆர்ஜிபி மதிப்பை ஏற்றினால் ஆயிற்று.

புதிய கோப்புகளுக்கு வழி இன்னும் எளிது. நிறம் மாற்றிய ஒரு வெற்று வொர்க்புக்கை, டெம்ப்ளேட் வகையில், புக் என்ற பெயரில், எக்செல் தொடங்கும்போது தானாகப் பார்க்கும் எக்ஸ்எல்ஸ்டார்ட் கோப்புறைக்குள் சேமித்துவிட்டால் அதன் பிறகு புதிதாகத் திறக்கிற ஒவ்வொரு கோப்பும் அந்த நிறங்களோடுதான் பிறக்கும். கோட்டின் தடிமன், புள்ளிக்கோடு, வெள்ளைப் பின்னணி இவை பெட்டியில் அடங்காதவை. அதற்குச் சரியாக அமைத்த ஒரு படத்தின் மேல் வலது கிளிக் செய்து, சார்ட் டைப், கஸ்டம் டைப்ஸ், யூசர் டிஃபைன்ட் என்று போய் ஆட் கொடுத்து ஒரு பெயர் வைத்தேன். அங்கேயே செட் ஆஸ் டிஃபால்ட் சார்ட் என்றும் கொடுக்கலாம். இப்போது அளவுகளைத் தேர்ந்தெடுத்து எஃப்11 அழுத்தினால் முழுப் படமும் வந்துவிடுகிறது. இந்தப் படவகை அந்தக் கணினியில் அந்தப் பயனருக்கென்று தனிக் கோப்பில் சேமிக்கப்படுகிறது, வொர்க்புக்கோடு பயணம் செய்யாது. வேறு கணினிக்கு மாறுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வேர்டில் ஒட்டும்போது சாதாரணமாகப் பேஸ்ட் கொடுக்க வேண்டாம். எக்செல் ஆப்ஜெக்டாக ஒட்டினால் மொத்த வொர்க்புக்கும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பேஸ்ட் ஸ்பெஷலில் என்ஹான்ஸ்டு மெட்டாஃபைல் என்று தேர்ந்தெடுத்தால் படம் மட்டும், நாம் வைத்த நிறத்தோடு, போகும்.

புதுப் பதிப்புக்கு மாறலாமா

நிறப் பிரச்சினை தொடங்கியபோதே சங்கத்தில் பலர் சொன்னது, “பழசைக் கட்டிக்கிட்டு ஏன் மல்லுக்கட்டணும், புது எக்செல் வாங்கிருவோம்” என்பது. நியாயமான பேச்சுதான். அதனால் எங்கள் கோப்பை ஒரு நண்பரின் கணினியில் எக்செல் 2010-ல் திறந்து நிதானமாகப் பார்த்தேன்.

பழைய படங்களின் நிறம் அப்படியே வந்தது. புதிதாக வரைந்த படம் பளிச்சென்று அழகாக இருந்தது. 2007-லிருந்து 56 நிறக் கட்டுப்பாடு கிடையாது. அதற்குப் பதில் தீம் என்ற ஏற்பாடு. படங்களுக்கு ஆறு அடிப்படை நிறங்கள், தீமை மாற்றினால் எல்லாம் சேர்ந்து மாறும். அடிப்படை யோசனை பழைய பெட்டி மாதிரிதான், வசதி கூடுதல். பேஜ் லேஅவுட்டில் கலர்ஸ் போய் நம் நிறங்களுக்கு ஒரு பெயர் வைத்துச் சேமிக்கலாம். முழுப் படத்தின் அமைப்பையும் சார்ட் டெம்ப்ளேட்டாகத் தனிக் கோப்பில் வைத்து வேறு கணினிக்குக் கொண்டுபோகலாம். இது 2003-ஐவிடப் பெரிய முன்னேற்றம்.

ஆனால் என் கணக்குத் தாளில் போட்டபோது, 2007, 2010 பதிப்புகளின் முதல் நிறமான நீலம் 79, 129, 189-க்கு 121 வந்தது. இரண்டாவது நிறமான சிவப்பு 192, 80, 77-க்கு 113. எட்டுப் புள்ளி வித்தியாசம்! பாபநாசமும் சேர்வலாறும் ஜெராக்ஸில் ஒரே கோடாகிவிடும். 2013-ன் நீலமும் ஆரஞ்சும் எடுத்துப் பார்த்தால் 142, 150. மூன்றாவது நிறம் சாம்பல், 165. அங்கேயும் அதே கதை. திரைக்காகத் தேர்ந்தெடுத்த நிறங்கள் அவை, திரையில் நன்றாகவே இருக்கின்றன. கறுப்பு வெள்ளைத் தாளுக்கு நம் நிறத்தை நாமே வைக்க வேண்டிய வேலை எந்தப் பதிப்பிலும் குறையவில்லை.

இன்னொன்று மழையளவுப் படம். மாதவாரி மழையைப் பட்டைகளாகப் போடும்போது நிறத்துக்குப் பதில் சாய்கோடு, புள்ளி, கட்டம் என்று வடிவங்களை நிரப்புகிறோம், அச்சில் தெளிவாகத் தெரியும் என்பதற்காக. எக்செல் 2007-ல் படங்களுக்கு இந்த வடிவம் நிரப்பும் வசதி மெனுவிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. 2010-ல்தான் திரும்ப வந்தது. ஆகவே 2007 எங்களுக்கு உதவாது என்று அங்கேயே முடிவாயிற்று. எங்கள் பழைய மேக்ரோ ஒன்று கோப்புறையில் கோப்பு தேட ஃபைல்சர்ச் என்ற வசதியைப் பயன்படுத்துகிறது. ஆபீஸ் 2007-லிருந்து அதுவும் கிடையாது. அந்த வரிகளை மாற்றி எழுத வேண்டும்.

65,536 வரிசை என்ற எல்லையைச் சிலர் காரணமாகச் சொன்னார்கள். புதுப் பதிப்பில் அது 10,48,576. எங்கள் தாளில் ஒரு நாளுக்கு ஒரு வரிசை. 65,536 வரிசை 179 வருஷத்துக்கு வரும். அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

மாற வேண்டிய உண்மையான காரணம் நிறத்துக்கு வெளியே இருக்கிறது. ஆபீஸ் 2003-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ஓடு நின்றுவிட்டன. அதே நாளில் விண்டோஸ் எக்ஸ்பிக்கும் நின்றது. வெளியிலிருந்து வருகிற கோப்பை அதில் திறப்பது ஆபத்து. வருகிறவையும் பெரும்பாலும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவில்தான் வருகின்றன. பழைய எக்செல் அதைப் படிக்க உதவிய இணைப்பு மென்பொருளையும் மைக்ரோசாஃப்ட் 2018-ல் நிறுத்திவிட்டது. “2010 போட்டுத் தரேன், அது போதும் உங்களுக்கு” என்று கணினிக் கடைக்காரர் ஒருவர் சொன்னார். 2010-க்கான ஆதரவு 2020 அக்டோபரில் முடிந்தது. 2013-க்கு 2023 ஏப்ரலில். 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபரில். பழசிலிருந்து இன்னொரு பழசுக்குக் காசு கொடுத்துப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. மாறினால் இன்றைக்கு ஆதரவு உள்ள ஒன்றுக்கு மாற வேண்டும்.

அப்புறம் எக்செல் மாதிரியே அட்டவணையும் படமும் போடத் தரும் லிப்ரே ஆபீஸ் என்ற மென்பொருளை எடுத்துப் பார்த்தேன். இலவசம், சங்கத்துக்கு அது பெரிய விஷயம். இன்றைய பதிப்பு எக்ஸ்பியில் ஓடாது, ஆகவே கணினி மட்டும் புதிது வேண்டும். அதன் இயல்பு நிறங்களைக் கணக்கில் போட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதல் நிறம் 0, 69, 134, அது 56. இரண்டாவது 255, 66, 14, அது 117. நான் பாடுபட்டுத் தேர்ந்தெடுத்த 49, 119-க்குக் கிட்டத்தட்ட அதே இடம். மூன்றாவது மட்டும் மஞ்சள், 255, 211, 32; அது 204, வெள்ளைத் தாளில் மெலிந்துவிடும். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், சார்ட்ஸ், டிஃபால்ட் கலர்ஸ் என்று போனால் 12 நிறங்கள் வரிசையாக இருக்கும். மூன்றாவதை 230, 159, 0 ஆக்கினேன். அவ்வளவுதான். இங்கே நிறம் கோப்புக்குள் இல்லை, கணினியில் அந்தப் பயனரின் அமைப்பில் இருக்கிறது. இனி வரையும் படங்களுக்குத்தான் பொருந்தும், ஏற்கெனவே வரைந்ததைத் தொடாது. பழைய வருஷப் படங்கள் தற்செயலாக மாறிவிடுமோ என்ற பயம் இல்லை. அதே சமயம் ஒரே அடியில் எல்லாவற்றையும் மாற்றும் வசதியும் இல்லை. எங்களுக்கு முதலாவதுதான் வேண்டியது. பட்டைகளுக்குச் சாய்கோடு நிரப்பும் வசதியும் அதில் இருக்கிறது.

உண்மையில் தடையாக நின்றது நிறமே இல்லை, எழுத்து. சங்கத்தின் ஆரம்ப வருஷக் கோப்புகளில் அணைப் பெயர்கள் எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் “மணிமுத்தாறு” இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கலந்து நிற்கும். தமிழக அரசே 2010-ல் யுனிகோடுக்கு மாறியது. நாமும் மாறிவிட வேண்டும் என்று எல்லாக் கோப்பிலும் தலைப்பு வரிசைகளை யுனிகோடில் திரும்ப அடித்தோம். படத்தின் பெயர்கள் செல்லிலிருந்து வருவதால் தாளில் திருத்தினால் படத்திலும் திருந்திவிடும். படத்துக்குள் நேரடியாக அடித்த தலைப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தொட வேண்டியிருந்தது. எந்த மென்பொருளுக்கு மாறுவதாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்பேன். நிறம் போனால் படம் அசிங்கமாக இருக்கும், பெயர் போனால் படமே பயனற்றது.

இப்போதைய ஏற்பாடு இப்படி. ஜூன் மாதம் தொடங்கும் புது வருஷக் கணக்கு லிப்ரே ஆபீஸில், புதுக் கணினியில். பழைய வருஷக் கோப்புகளும் எக்செல் 2003-ம் பழைய கணினியிலேயே இருக்கும், இணைய இணைப்பு பிடுங்கியாயிற்று. அவற்றின் பிரதி ஒன்று புதுக் கணினியிலும் இருக்கிறது. நண்பரின் எக்செல்லில் திருத்திப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவில் சேமிக்க வேண்டி வந்தால், அது நம் நிறத்தை 56-ல் கிட்டத்தட்ட ஒத்துவரும் ஒன்றாக மாற்றிவிடக்கூடும். அதைத் தடுக்க ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் பகுதியின் கடைசியில் இருக்கும் கலர்ஸ் பொத்தானில் பழைய பதிப்புக்கான பெட்டிகளை நாமே நிரப்பிவிடலாம்.

ஒவ்வொரு கோப்பிலும் முதல் தாளாக “நிறம்” என்று ஒன்று சேர்த்திருக்கிறேன். பாபநாசம் 0, 60, 120, நடுத்தரத் தடிமன். சேர்வலாறு 213, 94, 0, விட்டு விட்டு. மணிமுத்தாறு 230, 159, 0, மிகத் தடிமன். போன வருஷம் 0, 0, 0, மெல்லிய புள்ளிக்கோடு. பக்கத்தில் அந்தக் கறுப்பு வெள்ளைச் சூத்திரமும் இருக்கிறது. அடுத்து கடனா, ராமநதி அணைகளையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ஒரே படத்தில் ஆறு கோடு போட்டால் யாருக்கும் படிக்க வராது, அவற்றுக்குத் தனிப் படம்தான். நிறம் இதே வரிசையில், 49, 119, 162 என்ற இடைவெளி குறையாமல்.